மெதுவாக ஓடினால் எளிதா?

தாள விளையாட்டில் தோற்கும் புதியவர்கள் தங்கள் காதைப் பழிக்கிறார்கள். பல சமயம் திருத்த வேண்டியது திரையின் வேகத்தைத்தான்.

டோக்கியோவின் அகிஹபாராவில் மாடி மாடியாக எழுந்து நிற்கும் வீடியோ கேம் கூடங்களில் மாலை நேரத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். அலுவலகப் பையைக் காலடியில் வைத்துவிட்டு ஒருவர் இயந்திரத்தின் முன் நிற்கிறார். 100 யென் நாணயம் உள்ளே விழுகிறது. பாட்டைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. ஆனால் உடனே ஆட்டத்தில் இறங்கவில்லை. ஒரு கை ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மறு கை இசைத்தட்டு போன்ற வட்டத் தட்டை இம்மியளவு திருப்புகிறது. திரையின் மேல்பகுதியை மறைத்திருக்கும் கறுப்புப் பலகை ஒரு விரற்கடை கீழே இறங்குகிறது. கூடவே பச்சை நிறத்தில் ஓர் எண் மாறுகிறது. 310, 305, 300. பழகிய எண் வந்ததும்தான் தோளைத் தளர்த்திக்கொண்டு விரல்களைப் பொத்தான்கள்மீது வைக்கிறார்.

வேடிக்கை பார்ப்பவருக்கு இது சகுனம் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆடுகிறவருக்கோ ஆட்டத்தின் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது. நோட்டுகள் திரையில் எத்தனை வேகத்தில் ஓடி வரவேண்டும் என்பதை அவர் இப்போதுதான் முடிவு செய்திருக்கிறார். அதில் தவறினால், எத்தனை தாள ஞானம் இருந்தாலும் அந்த 100 யென் வீண்.

ரிதம் கேம் என்று அழைக்கப்படும் தாள விளையாட்டுகள் ஜப்பானில் வேர்விட்டது 1990களின் பிற்பாதியில். இசைக்கலைஞர் மசாயா மட்சுரா உருவாக்கிய 'பரப்பா தி ராப்பர்' 1996இல் பிளேஸ்டேஷனில் வந்தது. அடுத்த ஆண்டே கோனாமி நிறுவனம் ஐந்து பொத்தான்களும் ஒரு வட்டத் தட்டும் கொண்ட 'பீட்மேனியா' இயந்திரத்தைக் கூடங்களுக்கு அனுப்பியது. 1998இல் கால்களால் ஆடும் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்'. 1999இல் ஏழு பொத்தான்களுடன் 'பீட்மேனியா IIDX'. 2001இல் நாம்கோவின் முரசு விளையாட்டான 'தைகோ நோ தட்சுஜின்'. இப்போது கைபேசியிலும் வீட்டுக் கணினியிலும் இதே வகை ஆட்டங்கள் குவிந்து கிடக்கின்றன. இந்தியப் பெருநகர மால்களில் பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் நடன மேடைகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். பாட்டு ஒலிக்கும். திரையில் பட்டைகளோ அம்புகளோ வட்டங்களோ வரிசையாக நகர்ந்து வரும். இவற்றை நோட்டுகள் என்கிறார்கள். ஒவ்வொரு நோட்டும் இலக்குக் கோட்டைத் தொடும் கணத்தில் உரிய பொத்தானைத் தட்டவேண்டும், அல்லது உரிய இடத்தில் மிதிக்கவேண்டும். முந்தினாலும் குற்றம், பிந்தினாலும் குற்றம். கோனாமியின் ஆட்டங்களில் மிக உயர்ந்த மதிப்பெண் வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு முன்பின்னுக்குள் தட்டியாக வேண்டும்.

பாட்டு மாறாது, பார்வை மாறும்

இங்கேதான் முதல் குழப்பம். ஓட்ட வேகத்தைக் கூட்டினால் பாட்டும் வேகமாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இரண்டாம் காலம் என்றதும் அதே நேரத்தில் இரட்டிப்பு ஸ்வரங்கள் என்ற நினைவு வருவது இயல்பு. இது அப்படியல்ல. பாட்டின் காலப்பிரமாணம் இருந்தபடியே இருக்கும். நோட்டுகளின் எண்ணிக்கையும் அதேதான். தட்டவேண்டிய கணங்களும் அவையேதான். மாறுவது ஒன்றே ஒன்று. ஒரு நோட் கண்ணுக்குத் தெரிந்த கணத்துக்கும் அதைத் தட்டவேண்டிய கணத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பது.

அப்படியானால் நேரம் அதிகம் கிடைப்பதுதானே நல்லது? வேகத்தைக் குறைத்துவிட்டால் நிதானமாகப் பார்த்து ஆடலாமே? புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பலர் கேட்பதுகூட இல்லை. வேகத்தைக் கூட்டும் வசதி நிபுணர்களுக்கானது என்று எண்ணி, இயந்திரம் தரும் ஆரம்ப வேகத்திலேயே ஆடித் தோற்று, தனக்குத் தாளம் வராது என்ற முடிவோடு வீடு திரும்புகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு இந்த நம்பிக்கையைக் கலைத்துவிடும். நிமிடத்துக்கு 150 தாள அடிகள் கொண்ட பாட்டு ஒன்று. அம்புகள் கீழிருந்து மேலே ஏறும் நடன விளையாட்டு. வேகம் ஒரு மடங்கு, அதாவது இயந்திரத்தின் ஆரம்ப வேகம். இந்த வேகத்தில் ஒரு தாள அடிக்கு அம்பு தன் உயர அளவே நகர்கிறது. திரையில் சுமார் ஆறு அடிகளுக்கான நோட்டுகள் ஒரே நேரத்தில் தெரிகின்றன. ஆறு அடி என்பது இந்தப் பாட்டில் 2.4 வினாடி. நேரம் தாராளம்தான்.

ஆனால் பாட்டு சூடுபிடித்து ஓர் அடிக்கு நான்கு நோட் என்று வரும்போது என்ன ஆகிறது? அந்த ஆறு அடிக்குள் 24 அம்புகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் கிடைக்கும் இடம் ஓர் அம்பின் உயரத்தில் கால்பங்கு. அம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. எது முதலில், எது அடுத்து என்று பிரித்தறிய முடியாத குவியல் ஒன்று மெள்ள மேலே ஏறி வருகிறது. வரிகளுக்கு இடையே இடம் விடாமல் அச்சடித்த பக்கத்தைப் படிக்கிற அவஸ்தை இது.

அதே பாட்டை மூன்று மடங்கு வேகத்தில் வைத்தால் திரையில் இரண்டு அடிகள் மட்டுமே நிற்கும். 0.8 வினாடி. கண்ணெதிரே எட்டு அம்புகள், நடுவே தாராள இடம். தட்டவேண்டிய நோட்டுகள் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் பக்கம் படிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

இன்னொரு லாபமும் உண்டு. அம்பு ஓடும் தடத்தின் நீளம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மெதுவான ஓட்டத்தில், வினாடியின் அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அம்பு நகரும் தூரம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. மூன்று மடங்கு வேகத்தில் அதுவே எட்டு மில்லிமீட்டருக்கு மேல். கோட்டைத் தொட்டுவிட்டதா இல்லையா என்பதைக் கண்ணால் தீர்மானிக்க எது உதவும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

300இல் வந்த மாற்றம்

டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் வந்த புதிதில் பாட்டின் வேகமே அம்பின் வேகம். 2001இல் வெளிவந்த 'டிடிஆர்மேக்ஸ்' என்ற ஆறாவது பதிப்பில்தான் ஒன்றரை, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு என்று மடங்குகளைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. அதே பதிப்பில் ஆட்டக்காரர்களை மிரளவைத்த 'மேக்ஸ் 300' என்ற பாட்டும் வந்தது. நிமிடத்துக்கு 300 அடி. இசையமைத்தவர் நாவோகி மாயெதா. அந்தப் பாட்டில் அம்புகள் எந்த மடங்கும் கூட்டாமலே பறந்துதான் வரும்.

இதிலிருந்து ஆட்டக்காரர்கள் ஓர் எளிய வாய்ப்பாட்டைக் கண்டுகொண்டார்கள். பாட்டின் வேகத்தை மடங்கால் பெருக்கு. வரும் எண்தான் கண் பார்க்கும் வேகம். 150 அடிப் பாட்டுக்கு மூன்று மடங்கு என்றால் 450. 300 அடிப் பாட்டுக்கு ஒன்றரை மடங்கு வைத்தாலும் அதே 450. 225 என்றால் இரண்டு மடங்கு. பாட்டு எதுவானாலும் 450 என்ற எண்ணைக் காப்பாற்றிக்கொண்டால் போதும், கண்ணுக்கு எல்லாம் ஒரே வேகம். அந்தக் காலத்து ஆட்டக்காரர் ஒருவர் பாட்டுப் பட்டியலைப் புரட்டும்போது மனத்துக்குள் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் அந்த நொடிகளில் கணக்குத் தப்பினால் பாட்டு முழுக்கத் திண்டாட்டம்.

கணக்குப் போடும் வேலையைப் பிற்பாடு இயந்திரங்களே ஏற்றுக்கொண்டன. 'ஸ்டெப்மேனியா' என்ற இலவச மென்பொருளில் 450 என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், எந்தப் பாட்டையும் அதே வேகத்தில் ஓட்டிக் காட்டும். பீட்மேனியா IIDXஇன் வழி இன்னும் நேரடியானது. அகிஹபாரா இளைஞர் பார்த்துக்கொண்டிருந்த பச்சை எண் வேகத்தைக் குறிப்பதல்ல, நேரத்தைக் குறிப்பது. ஒரு நோட் கண்ணுக்குத் தெரியும் நேரத்தை, வினாடியின் அறுபதில் ஒரு பங்கை அலகாக வைத்து, அதையும் பத்தாகப் பகுத்து எண்ணிச் சொல்கிறது. 300 என்றால் அப்படிப்பட்ட 30 பங்கு. அதாவது அரை வினாடி.

கறுப்புப் பலகையின் வேலையும் இதுதான். தெரியும் நேரத்தைக் குறைக்க இரண்டு வழி உண்டு. நோட்டை வேகமாக ஓட்டலாம், அல்லது ஓடும் தூரத்தைக் குறைக்கலாம். பலகையை இறக்கினால் தூரம் குறைகிறது. கண் பார்க்கவேண்டிய பரப்பும் குறைகிறது. இரண்டையும் கலந்து தனக்கு ஏற்ற அளவை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

கண்ணுக்கு எவ்வளவு எதிர்காலம் தேவை?

அனுபவசாலிகள் பலர் 300ஐ ஒட்டிய எண்களில் வந்து நிற்பதைப் பார்த்தால், அரை வினாடி போதுமா என்ற வியப்பு வரும். மனிதர் ஒரு விளக்கு எரிவதைக் கண்டு பொத்தானை அழுத்தச் சராசரியாக 0.2 முதல் 0.25 வினாடி ஆகிறது. ஒரே விளக்கு, ஒரே பொத்தான் என்றால்தான் இந்தக் கணக்கு. தேர்ந்தெடுக்கவேண்டிய பொத்தான்கள் கூடக் கூட நேரமும் கூடும் என்பதை ஹிக் என்ற உளவியலாளர் 1952இலேயே அளந்து காட்டினார். ஏழு பொத்தான், ஒரு தட்டு என்றால் புதியவருக்கு அரை வினாடி போதவே போதாது.

பழகியவருக்குப் போதும். காரணம் அவர் ஒவ்வொரு நோட்டாகப் படிப்பதில்லை. வாசிக்கத் தெரிந்தவர் எழுத்துக் கூட்டுவதில்லை அல்லவா? சொல்லை ஒரே வீச்சில் எடுத்துக்கொள்கிறார். அதுபோல நான்கு நோட் கொண்ட ஒரு படிக்கட்டு, மாறி மாறி வரும் இரண்டு பொத்தான், மூன்று ஒன்றாக விழும் ஓர் அடுக்கு என்று உருவங்களாகப் பார்க்கிறார்.

பியானோ கலைஞர்கள் முன்பின் பார்த்திராத இசைத்தாளைப் பார்த்து வாசிக்கும்போது, அவர்களுடைய கண் கையைவிட எவ்வளவு முன்னால் போகிறது என்பதை இங்கிலாந்தில் சோஃபி ஃபர்னோவும் மைக்கேல் லேண்டும் ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். கண் சுமார் ஒரு வினாடி முன்னால் ஓடியது. வேகமான இசையில் 0.7 வினாடி, மெதுவான இசையில் 1.3 வினாடி. இதில் கவனிக்கவேண்டிய செய்தி வேறு. தேர்ந்த கலைஞருக்கும் கற்றுக்குட்டிக்கும் இந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அந்த நேரத்துக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும் ஸ்வரங்களின் எண்ணிக்கையில்தான் இருந்தது. கற்றுக்குட்டிக்கு இரண்டு, கலைஞருக்கு நான்கு.

தாள விளையாட்டுக்கும் இதில் பாடம் இருக்கிறது. மனம் ஒரு நேரத்தில் கைக்கொள்ளும் சரக்குக்கு வரம்பு உண்டு. திரையில் இரண்டரை வினாடி எதிர்காலத்தைப் பரப்பி வைத்தாலும் அவ்வளவையும் மனம் வாங்கிக்கொள்ளப் போவதில்லை. மிஞ்சியது வெறும் நெரிசல். நெரிசலில் கண் அலைகிறது. இலக்குக் கோட்டுக்கு அருகில் பார்க்கவா, நடுவில் பார்க்கவா, கீழே புதிதாக முளைப்பதைப் பார்க்கவா என்று தடுமாறுகிறது. மாறாக, ஓட்ட வேகம் வரம்பு மீறினால் நோட் தெரிந்த கணத்தில் பதறித் தட்டவேண்டியதாகிவிடும். உருவம் பார்க்க நேரம் இராது. தாளத்தைக் கேட்டு ஆடுவது போய், கொசு அடிக்கிற வேலையாகிவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஓரிடம் இருக்கிறது. அந்த இடம் ஆளுக்கு ஆள் வேறு. அதே ஆளுக்கும் மாதத்துக்கு மாதம் நகரும். புதியவர்களின் இடம் பெரும்பாலும் ஒரு வினாடியை ஒட்டி இருக்கும். உருவங்கள் பழகப் பழக அது சுருங்கும்.

ஏமாற்று என்று பெயர் வாங்கிய உதவி

வேகத்தைக் கூட்டுவது உண்மையில் உதவி என்பது விளையாட்டைத் தயாரித்தவர்களுக்கே உடனே புலப்படவில்லை. 2005இல் அமெரிக்காவில் வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற 'கிட்டார் ஹீரோ' வரிசையில் நோட்டுகள் தொலைவிலிருந்து நம்மை நோக்கி வரும் சாலையில் உருண்டு வருகின்றன. அந்த வரிசையின் மூன்றாம் பதிப்பில் நோட்டுகளை வேகமாக ஓட்டும் 'ஹைப்பர்ஸ்பீட்' வசதி இருந்தது. இருந்த இடம்தான் வேடிக்கை. ஏமாற்று வித்தைகளுக்கான பட்டியலில், ரகசியக் குறியீட்டை வாசித்துத் திறக்கவேண்டிய ஒன்றாக. கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுவதைக் காப்பியடிப்பது என்று சொன்ன கதை. கடினமான பாட்டுகளில் பலர் தேடியது இந்த வசதியைத்தான்.

முரசு விளையாட்டான தைகோவின் போக்கு வேறு. அங்கே நோட்டுகள் வலமிருந்து இடமாக ஓடுகின்றன. ஒவ்வொரு பாட்டுக்கும் தாள வரைவை எழுதுபவரே, இந்த இடத்தில் நோட் பாய்ந்து வரவேண்டும், அந்த இடத்தில் ஊர்ந்து வரவேண்டும் என்று ஓட்டத்தையும் எழுதிவிடுகிறார். ஆடுபவர் அதன்மீது இரண்டு, மூன்று, நான்கு மடங்கு என்று கூட்டிக்கொள்ளலாம். ஆனால் ஏற்ற இறக்கங்கள் அப்படியே தொடரும். அவை அந்தப் பாட்டின் பாவத்தில் ஒரு பகுதி.

இது ஒரு பழைய விவாதத்துக்கு வழிவிடுகிறது. பாட்டின் நடுவே வேகம் மாறும் தந்திரங்களை வரைவில் வைப்பவர்கள் உண்டு. பாட்டு பாதி வேகத்துக்கு இறங்கும்போது அம்புகள் நெருக்கியடித்து ஊரும், சட்டென இரட்டிப்பாகும்போது தெறித்து ஓடும், இடையில் முழுதாக நின்றும்போகும். ஒரே சீராக ஓடும் வசதியைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பாட்டின் வேகம் மாறுவது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். காது மட்டும்தான் துணை. இதனால் ஸ்டெப்மேனியா ஆட்டக்காரர்களிடையே சில வரைவுகளைச் சீர் ஓட்டம் போடாமல்தான் ஆடவேண்டும் என்ற வழக்கமே ஏற்பட்டிருக்கிறது. வசதியா, சவாலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

மெதுவான ஓட்டத்துக்கு ஆதரவாகவும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நெரிசலான நோட்டுகளை ஊர்ந்து வரும்போதே பிரித்துப் படிப்பதைத் தனி வித்தையாகப் பயிலும் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அம்புகளுக்கு நிறம் கொடுத்திருப்பது அவர்களுக்குக் கைகொடுக்கும். தாள அடியில் விழும் அம்பு சிவப்பு, அரை அடியில் விழுவது நீலம் என்ற முறையில் வண்ணமே காலத்தைச் சொல்லிவிடும். ஆனால் இது கரை கண்டவர்களின் பொழுதுபோக்கு. இறங்கப் பயப்படுகிறவருக்குச் சொல்லும் யோசனை அல்ல.

மேலே ஏறும் சுவர்

சௌகரியம் என்பது மதிப்பெண் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. தொடர்ந்து சில பாட்டுகள் ஆடிவிட்டுத் திரையிலிருந்து கண்ணை எடுத்தால், எதிரே உள்ள சுவர் மெள்ள மேலே ஏறுவது போல் இருக்கும். பயந்துபோனவர்கள் உண்டு. இது நோயல்ல. 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறைகளைப் பார்த்தபோது அவை மேல்நோக்கி நகர்வதைக் கண்டு எழுதி வைத்தார். அருவி மயக்கம் என்றே அதற்குப் பெயர். ஒரே திசையில் ஓடும் காட்சிக்குப் பழகிய கண், ஓட்டம் நின்றதும் எதிர்த்திசையில் ஓட்டத்தைக் கற்பித்துக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் தானே சரியாகும்.

ஆனால் தலைசுற்றலும் கண் எரிச்சலும் வேறு ரகம். திரையை இமைக்காமல் பார்ப்பதால் கண் வறள்கிறது. தன்னால் தாங்க முடியாத வேகத்தைப் பிறரைப் பார்த்து வைத்துக்கொள்பவர்கள் கழுத்தை நீட்டி, தோளை இறுக்கி, பொத்தானைத் தேவைக்கு மேல் ஓங்கி அடிக்கிறார்கள். மணிக்கட்டு வலிக்கு இதுவும் ஒரு வாசல். வல்லவர் ஒருவரின் எண்ணைக் கேட்டு வாங்கி அப்படியே பொருத்திக்கொள்வது அடுத்தவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்வது போன்றது.

அப்படியென்றால் தனக்கான வேகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? வழி கடினமானதல்ல. நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். தன் திறமையின் எல்லையில் உள்ள பாட்டு வேண்டாம், ஒரு படி கீழே உள்ளது போதும். எல்லையில் உள்ள பாட்டில் கை தவறியதா, கண் தவறியதா என்று தெரியாது. முதலில் நோட் தோன்றிக் கோட்டைத் தொட ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும்படி வைத்து ஆடிப் பார்க்கவேண்டும்.

தவறும்போது எப்படித் தவறுகிறது என்பதுதான் கவனிக்கவேண்டியது. எந்தப் பொத்தான் முதலில் என்று குழம்பினால், அடுத்தடுத்த நோட்டுகள் ஒன்றாகத் தெரிந்தால், வேகம் போதவில்லை. கொஞ்சம் கூட்டவேண்டும். பொத்தான் சரிதான், ஆனால் கை போய்ச் சேர்வதற்குள் நோட் கடந்துவிட்டது என்றால் வேகம் அதிகம். குறைக்கவேண்டும். மாற்றுவதைச் சிறிது சிறிதாகச் செய்யவேண்டும். கால் மடங்கு, அல்லது பச்சை எண்ணில் பத்து. புதிய வேகத்தில் முதல் இரண்டு மூன்று பாட்டுகள் அந்நியமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. ஒரு வாரமாவது அதிலேயே ஆடினால்தான் கண் தன் தீர்ப்பைச் சொல்லும்.

பாட்டின் நடுவே வேகம் மாறினால், நோட்டுகள் நெருங்கி விழும் பகுதிக்கு ஏற்ப வைத்துக்கொள்வது உசிதம். கடைசியாக ஒன்று. எல்லா நோட்டையும் ஒரே மாதிரி பிந்தியோ முந்தியோ தட்டுவதாக இயந்திரம் சொன்னால், அது ஓட்ட வேகத்தின் குற்றமாக இல்லாமலும் இருக்கலாம். வீட்டுத் தொலைக்காட்சிகள் பல, படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டுகின்றன. ப்ளூடூத் ஒலிப்பான்கள் ஒலியைத் தாமதிக்கின்றன. அதைச் சரிசெய்ய ஒலியையும் படத்தையும் பொருத்தும் அமைப்பு தனியாக இருக்கிறது. அதைச் சரிபார்க்காமல் வேகத்தைத் திருகிக்கொண்டே இருந்தால் நோய் ஓரிடம், மருந்து ஓரிடம்.

கூடங்கள் மூடும் காலம்

இத்தனை நுணுக்கமும் எதற்கு என்று கேட்கலாம். ஜப்பானின் வீடியோ கேம் கூடங்களுக்கு இது நல்ல காலமல்ல. பல பத்தாண்டுகள் கூடங்களை நடத்திய செகா குழுமம், கொரோனா முடக்கத்தின் நடுவே 2020 டிசம்பரில் அந்தத் தொழிலின் பெரும்பங்கை ஜெண்டா நிறுவனத்துக்கு விற்றது. 2022 ஜனவரியில் மீதிப் பங்கையும் கொடுத்துவிட்டது. செகா என்ற பெயர்ப்பலகைகள் இறங்கி 'கிகோ' என்ற பலகைகள் ஏறின. இப்படிப்பட்ட கூடங்களில் இந்த இயந்திரங்கள் பிழைத்திருக்கத் தேவை புதிய ஆட்டக்காரர்கள். புதியவரின் முதல் 100 யென்னில் கிடைப்பதோ இரண்டு மூன்று பாட்டுகள்தான். அந்தச் சில நிமிடங்களில் திரை குவியலாகத் தெரிந்தால் அவர் திரும்பி வரப்போவதில்லை.

தயாரிப்பாளர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். உறுப்பினர் அட்டையைத் தொட்டால் போதும், சென்ற முறை வைத்த வேகம் தானே வந்து நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் டீன் ஹெர்பர்ட் 2007இல் தொடங்கிய 'ஓசு' என்ற கணினி ஆட்டத்தில், பியானோ பாணிப் பிரிவுக்கு வேகம் வைக்கும்போது அந்த வேகத்தில் நோட் எத்தனை மில்லி வினாடி தெரியும் என்பதையும் பக்கத்திலேயே காட்டுகிறார்கள். மடங்குக் கணக்குத் தெரியாதவருக்கும் நேரம் புரியும்.

ஆனாலும் பல இயந்திரங்களில் அட்டை இல்லாமல் முதல்முறை வருபவருக்குக் கிடைப்பது இன்றும் மெதுவான ஆரம்ப வேகம்தான். அவர்மீது இரக்கப்பட்டு வைத்தது. அந்த இரக்கமே அவரைக் கவிழ்த்துவிடுகிறது. பின்னால் காத்திருக்கும் யாராவது ஒருவர் முன்வந்து, ஸ்டார்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு வேகத்தை இரண்டு படி கூட்டிக் கொடுத்தால் நிலைமை மாறும். புதியவர் முதலில் மிரளுவார். அரைப் பாட்டு போனதும் அம்புகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியத் தொடங்கும். அப்போதுதான் பாட்டும் அவர் காதில் விழத் தொடங்கும்.